பாட்டியின் மருந்து பதிவேட்டில் உண்டா?

சளிக்குக் கற்பூரவல்லி, இருமலுக்கு ஆடாதோடை, காமாலைக்குக் கீழாநெல்லி. மீன்சுருட்டி வட்டார ஊர்களில் இவற்றைச் சொல்ல வீட்டுப் பாட்டியே போதும். அந்தப் பாட்டிகளோ ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். வரப்போரம் நிற்கும் செடியின் பெயர்கூட நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் வெளியுலகில் மூலிகைக்கு மதிப்பு உண்டு. அருகிலுள்ள ஜெயங்கொண்டம் பகுதியில் பயிராகும் செங்காந்தளையே எடுத்துக்கொள்வோம். நமது மாநில மலரான இதன் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கோல்ச்சிசின், 'கவுட்' எனும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. அதே செடியின் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு என்று அறிந்திருப்பதுதான் மருத்துவ அறிவு. அது பாதியாக மறந்துபோனால், மருந்தே நஞ்சாகிவிடும்.

இந்த அறிவின் பலன் யாருக்குச் சேரவேண்டும்? 1987-இல் கேரளத்தின் அகத்தியர் மலைப்பகுதிக்குச் சென்ற ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அச்செடியைக் கேட்டறிந்து 'ஜீவனி' எனும் மருந்தை உருவாக்கினர். அதன் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது, கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அறிவு அவர்களுடையது என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டதால்தான் அது நடந்தது.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும். ஊர்மக்களைக் கலந்து 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிக்கவேண்டும் என்கிறது. 2023-இல் வந்த திருத்தமோ, சித்த மருத்துவ நூல்கள் போன்ற ஏடுகளில் ஏற்கெனவே உள்ள மரபறிவைப் பயன்படுத்துவோர் பலனைப் பகிரவேண்டியதில்லை என விலக்களித்துவிட்டது. ஆகவே, ஏடேறாத வாய்வழி அறிவைக் காப்பது இன்னும் அவசியமாகிறது.

பல ஊர்களில் இப்பதிவேடு பெயரளவில் இருக்கலாம். நம் ஊர்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கேட்போம். அதற்குமுன் நம் வீட்டுப் பெரியவர்களோடு ஒருமுறை வரப்போரம் நடப்போம். அவர்கள் காட்டும் செடியையும், தரும் எச்சரிக்கையையும் பிள்ளைகளை எழுதச் சொல்வோம். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்தாகவேண்டும்.