மண்ணில் இருப்பது எந்த இரும்பு?

காணி வாங்கும்போது உறுதியைப் பல ஆண்டுகள் பின்னோக்கித் தேடிப் பார்க்கிறோம். காணியின் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எவரும் கேட்பதில்லை.

வெள்ளவத்தையில் ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் எழுந்துள்ள நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. அந்த மண் மாசடைந்தது என்று நான் சொல்லவரவில்லை. பழைய தொழில் நிலங்கள் குடியிருப்புகளாகும் நகரத்தில் மண்ணை எவ்வாறு சோதிக்கவேண்டும் என்பதே என் கேள்வி.

வழக்கமான இரசாயனச் சோதனை மண்ணில் எவ்வளவு இரும்பு உண்டு என்று சொல்லும். கொழும்பில் அந்த எண் அதிகம் உதவாது. நமது செம்மண்ணும் கபுக் கல்லும் இயல்பாகவே இரும்பு மிகுந்தவை. செந்நிறத்தைத் தருவது ஹேமடைட்; மஞ்சட் பழுப்பைத் தருவது கோதைட். நிலக்கரிச் சாம்பலிலும் உருக்காலைத் தூசியிலும் மக்னடைட் துகள்கள் மிகுதி. மொத்தக் கணக்கில் இயற்கையின் இரும்பும் ஆலையின் இரும்பும் ஒன்றாகிவிடும்.

அவற்றைப் பிரித்துக் காட்டுவது மொஸ்பவர் நிறமாலை. ஜேர்மனிய அறிஞர் ரூடோல்ஃப் மொஸ்பவர் 1958இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் வழிவந்தது. 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதிரியக்கக் கோபால்ற்று 57 தரும் காமாக் கதிர்களை மண்ணிலுள்ள இரும்பு 57 அணுக்கருக்கள் உறிஞ்சும் விதம், கனியத்துக்குக் கனியம் வேறுபடும். 2004இல் செவ்வாயில் இறங்கிய இரு ஊர்திகளும் இக்கருவியைச் சுமந்து சென்றன. அவற்றில் ஒன்றான ஒப்பச்சூனிற்றி, ஜரோசைட் என்ற கனியத்தைக் கண்டு, அங்கு ஒருகாலத்தில் நீர் இருந்ததற்குச் சான்று தந்தது.

இது வெறும் ஆய்வுகூட விவகாரமன்று. இரும்பு ஒட்சைட்டுகள் ஆசனிக்கைத் தம் மேற்பரப்பில் பிடித்து வைத்திருக்கும். வெள்ளம் நாட்கணக்கில் தேங்கி, மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போனால், நுண்ணுயிர்கள் அந்த ஒட்சைட்டுகளைக் கரைக்கும். ஆசனிக்கும் நீரில் இறங்கும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை நீரில் கிடந்ததை மறந்துவிடலாகாது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இரும்பைத் தவிர ஈயத்தையோ கட்மியத்தையோ அது காட்டாது. ஒரு மாதிரிக்கே பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே இரசாயனச் சோதனையும் எக்ஸ் கதிர் ஆய்வும் முதலில் நடக்கட்டும். ஐயம் எழும் மண்ணுக்கு மொஸ்பவர் சோதனை வரட்டும்.

2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியவில், தூய நீர் கேட்டுத் திரண்ட மக்கள்மீது இராணுவம் நடத்திய தாக்குதலில் மூவர் மாண்டனர். நம்பிக்கை முறிந்தபின் வரும் அறிக்கைகளால் பயன் குறைவு என்பதை நாம் அங்கு கற்றிருக்க வேண்டும்.

நாளை கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய பட்டறை நிலத்தில் வீடுகள் எழலாம். அனுமதி வழங்குமுன் மண் அறிக்கை மும்மொழியிலும் வெளியிடப்படவேண்டும். அதைச் சட்டமாக்குவதற்கு இன்னொரு வெலிவேரிய தேவையில்லை.