சத்தமே வீரமா?

சைலன்சரிலிருந்து பஃபிளைக் கழற்றி எறிவது நம் மாணவரிடையே நாகரிகமாகிவிட்டது. 'வண்டி நன்றாக மூச்சு விடும், வேகம் கூடும்' என்கிறார்கள். இயற்பியல் படிக்கும் நண்பர்களே இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை! புகை போகும் வழியை மாற்றிவிட்டு, பெட்ரோல்-காற்றுக் கலவையை அப்படியே விட்டால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். 10 டெசிபல் உயர்ந்தால் ஒலிச்செறிவு 10 மடங்காகிறது. 2019இல் வந்த சட்டத்திருத்தம் இதற்கு ரூ.10,000 வரை அபராதம் விதித்தது, அது கிடக்கட்டும். கல்லூரிச் சாலையோர வீடுகளில், இரவு ஷிப்டு முடித்துப் பகலில் கண்ணயரும் என் தந்தை போன்ற மில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உறக்கத்தைப் பறிக்க நமக்கென்ன உரிமை? கம்பீரமான ஒலிதான் வேண்டுமெனில், அந்த மாடலுக்கென்றே செய்த பஃபிளைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி இழை சுற்றியதாயின் காதைக் கிழிக்கும் கூரிய ஒலி அடங்கி, ஆழ்ந்த ஒலியே மிஞ்சும்.