திரை கொடையா, உரிமையா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 455.32 கோடி ரூபாய்ச் செலவில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்பது அரசின் கணக்கு. படமும் ஒலியும் வந்தால் குழந்தையின் கவனம் சிதறாது என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. நாம் அதை மறுக்கவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தைத் திரையில் காட்டி, அங்குப் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி மாணவரையே பேசவைக்கும் ஆசிரியர் கையில் அது வலிமையான கருவி. பாடநூலை ஒளிரச் செய்வதோடு நின்றால் அது விலை உயர்ந்த கரும்பலகைதான். திரையைத் தொட யார் அழைக்கப்படுகிறார், யார் கடைசி வரிசையிலிருந்து பார்க்கிறார் என்பதிலும் சாதி புகுந்துவிட முடியும்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் தலித், மீனவ, துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகள் வகுப்பிலிருந்து விலகுவது சலிப்பினால் மட்டும் அன்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. இடையில், வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றது. வகுப்பும் அதனுடனே சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளில் புகுந்தது. அம்மாத இறுதியில் அம்மோனியாக் கசிவு பெரியகுப்பம் மக்களை நள்ளிரவில் தெருவுக்கு விரட்டியது. 2024 அக்டோபரில் திருவொற்றியூர்த் தனியார் பள்ளி ஒன்றில் நெடி தாங்காமல் மாணவியர் மயங்கினர். மூச்சுத் திணறும் வகுப்பில் எந்தத் திரை கவனத்தை ஈர்க்கும்?

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 19ஆம் பிரிவும் அதன் அட்டவணையும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்பக் கற்பித்தல் கருவிகள் வழங்கப்பட வேண்டும் என்கின்றன. விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் இடைவெளி ஏழைக் குழந்தைகளின் கல்வியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றமும் 2021 அக்டோபரில் சுட்டிக்காட்டியது. கொடையாக வந்த திரை பழுதானால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உரிமையாக வந்தால் பழுதுபார்ப்புக்கும் இணைய இணைப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்கேள்வியைக் கேட்கும் இடம் நம் தெருவிலேயே உள்ளது. 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு விகிதாசார இடம் உண்டு. அக்குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசு நிதிக்கு அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு. திரை இயங்காத நாள்கள், இணையம் கிடைக்காத நாள்கள், வாயு நெடியால் வகுப்புக் கலைந்த நாள்கள் ஆகியவற்றைத் தேதியிட்டு அதில் எழுதச் செய்வோம். கல்லூரி மாணவர்கள் அடுத்த கூட்டத்திற்குள் அப்பட்டியலைப் பெற்றோருடன் அமர்ந்து தயாரிக்கலாம்.