இயற்கைச் சத்தும் செயற்கைச் சத்தும்

மருந்துக் கடையின் கண்ணாடிப் பேழையில் இரண்டு புட்டிகள் அருகருகே நிற்கின்றன. இரண்டிலும் இருப்பது 'வைட்டமின் சி' என்னும் உயிர்ச்சத்து. ஒன்றின்மேல் நெல்லிக்கனியின் படமும் 'இயற்கையானது' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றொன்றின்மேல் சத்தின் பெயரும் அளவும் மட்டுமே உள்ளன. முன்னதன் விலை பின்னதன் விலையினும் மிகுதி. வாங்க வந்தவர் திகைத்து நிற்கிறார். இயற்கை நன்மை தருவது, செயற்கை தீமை செய்வது என்று அவர் கேள்வியுற்றிருக்கிறார். அக்கூற்று முற்றிலும் உண்மைதானா? உழைத்து ஈட்டிய பொருளும் உடலின் நலமும் இவ்வினாவோடு பிணைந்திருத்தலின், இதனை ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

முற்காலத்தில் நெடுந்தொலைவு கடற்பயணம் செய்தோரை ஸ்கர்வி என்னும் கொடுநோய் வாட்டியது. பல் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், உடல் தளரும், இறுதியில் உயிரும் நீங்கும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், இந்நோயுற்ற மாலுமியர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலம் பெற்றனர். ஆறே நாட்களில் அவருள் ஒருவர் மீண்டும் பணியாற்றும் அளவிற்குத் தேறினார். அக்கனிகளில் அடங்கியிருந்த சத்து யாது என்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. 1933-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர்.

கனியில் விளைந்த சத்திற்கும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சத்திற்கும் வேறுபாடு உண்டா? வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை இல்லை. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே. அவை அடுக்கப்பட்டுள்ள முறையும் ஒன்றே. ஆதலின், நெல்லிக்கனிப் படத்திற்காக மட்டும் மிகுந்த விலை கொடுப்பவர் பயனின்றிப் பொருளை இழக்கிறார்.

ஆயினும், ஒன்றிற்குப் பொருந்தும் விதி எல்லாவற்றிற்கும் பொருந்துவதில்லை. வைட்டமின் ஈ-யில், ஒரே எடையுள்ள செயற்கைச் சத்தைவிட இயற்கைச் சத்தே ஆற்றல் மிக்கது. ஃபோலிக் அமிலத்திலோ நிலை இதற்கு நேர்மாறானது. கீரையிலுள்ள அவ்வினச் சத்தைவிடச் செயற்கையாக ஆக்கப்பட்டதையே உடல் எளிதில் ஏற்கின்றது. எனவே, 'இயற்கை' என்ற சொல் ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது. 'செயற்கை' என்ற சொல் ஒன்றே தீமைக்கும் சான்றாகாது.

அங்ஙனமாயின், காய்கறிகளைக் கைவிட்டு மாத்திரைகளை உண்டே வாழ்ந்துவிடலாமோ எனச் சிலர் வினவக்கூடும். அதுவும் பிழையே. காரட் போன்ற காய்கறிகளை மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை ஆய்வாளர் கண்டனர். அக்காய்களிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் பொருளே அதற்குக் காரணமாகலாம் எனக் கருதினர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை ஆய்வில் சேர்த்து, அவருள் ஒரு பகுதியினருக்கு அப்பொருளை நாள்தோறும் மாத்திரையாகக் கொடுத்து வந்தனர். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. அம்மாத்திரையை உண்டோரிடையே புற்றுநோய் குறையவில்லை, மாறாக, மிகுந்திருந்தது! காய்கறியில் பல பொருள்களோடு கலந்து சிறு அளவில் இருக்கும் ஒன்றைத் தனியே பிரித்துப் பேரளவில் உண்டால், அதே நன்மை கிட்டும் என்பதற்கு உறுதியில்லை.

பேரளவின் தீங்கு செயற்கைக்கு மட்டும் உரியதன்று. பனிக்கரடியின் ஈரலில் வைட்டமின் ஏ அளவிறந்து நிறைந்துள்ளது. துருவப் பகுதிக்குச் சென்றோர் சிலர் அதனை உண்டு கடும் நோயுற்றனர். அது முற்றிலும் இயற்கை உணவே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சமையலறையிலேயே கிடைக்கும் சத்தை மனிதர் எறிந்துவிடுவதும் உண்டு. ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்ட கோழிகள் பெரிபெரி நோயைப் போன்றதொரு நோயால் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டவை நலமுடன் திரிவதையும் கண்டார். தவிட்டோடு வைட்டமின் பி1 என்னும் சத்தும் நீங்கிவிடுவதே அதற்குக் காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊடுருவித் தங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசியின் சிறப்பு இதுவே. தவிட்டை மாட்டிற்கு இட்டுவிட்டு, அதிலுள்ள சத்தை மாத்திரையாக விலை கொடுத்து வாங்குவது அறிவுடைமை ஆகுமா?

ஆனால், மாத்திரை இன்றியமையாததாகும் இடங்களும் உள்ளன. கருவுற்ற மகளிர் உரிய காலத்தில் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டில் நேரும் பிறவிக் குறைகள் பெரிதும் குறையும் என்பது 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வினால் உறுதியாயிற்று. வைட்டமின் ஏ குறைபாட்டினால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க, இந்தியாவில் 1970-ஆம் ஆண்டு முதல் அச்சத்து மருந்தாக அளிக்கப்பட்டு வருகிறது. பாலையும் விலக்கிய தூய மரக்கறி உணவினருக்கு வைட்டமின் பி12 பெரும்பாலும் மருந்தாகவே கிடைத்தல் வேண்டும். இத்தகையோர், 'செயற்கையை ஏற்கமாட்டோம்' என்று பிடிவாதம் செய்தால், அதனால் இழப்பது பொருளையன்று. ஒரு குழந்தையின் கண்ணொளியையோ வாழ்வையோ இழக்க நேரும்.

ஆகவே, 'இயற்கையா, செயற்கையா?' என்பது முதலில் கேட்கத்தக்க வினாவன்று. இச்சத்து இவ்வுடலுக்குத் தேவையா? அன்றாட உணவிலிருந்து இதனைப் பெற இயலாதா? எவ்வளவு வேண்டும் என மருத்துவர் கூறுகிறார்? இம்மூன்றையும் கேட்டவர் விளம்பரத்திற்கு மயங்கார். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியும் பேசுகிறார். நாள்தோறும் கீரையும் பருப்பும் பழமும் அளவறிந்து உண்பவர்க்கு அக்கண்ணாடிப் பேழையின் முன் நிற்கவேண்டிய தேவை பெரும்பாலும் நேராது. நேருமாயின், அவர் புட்டியின் மேலுள்ள படத்தைப் பாராமல், மருத்துவர் எழுதிய பெயரையும் அளவையும் பார்த்து வாங்குவார்.