மரத்தை வெட்டினால் காய்ச்சல் போய்விடுமா?

கேரளத்தில் நிபா என்று டிவியில் ஓடினால் போதும், ஆமத்தூர்ப் பக்கத்து டீக்கடைகளில் கிளாஸுக்கு ஒரு நிபுணர் முளைத்துவிடுகிறார். 2025 ஜூலையில் மலப்புரத்திலும் பாலக்காட்டிலும் நோய் தென்பட்டபோதும் இதே கதைதான். "கண்மாய்க்கரை மரத்துல தொங்குற வௌவாலையெல்லாம் விரட்டணும்ணே. மரத்தையே வெட்டிப்புட்டா சோலி முடிஞ்சது" என்று வடையைக் கடித்தபடி ஒருவர் தீர்ப்புச் சொல்ல, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

வௌவால் மீதான குற்றப்பட்டியல் நீளமானது. வீட்டுக்குள் வந்தால் ஆகாது. அதற்குக் கண் தெரியாது. ரத்தம் குடிக்கும். கடைசியாகச் சேர்ந்தது நிபா. இவ்வளவும் சொல்லிவிட்டு, இளைப்புக்கு வௌவால் கறி கைகண்ட மருந்து என்றும் அதே வாய் சொல்லும்! ரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகத்திலேயே மூன்று இனங்கள்தான். மூன்றும் லத்தீன் அமெரிக்காவில் இருக்கின்றன. அவை விருதுநகர் வருவதற்கு எந்த டிராவல்ஸிலும் டிக்கெட் போட்டதாகத் தகவல் இல்லை. நம் ஊர்ப் பெரிய பழந்தின்னி வௌவாலோ கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் ராத்திரியில் பழம் தேடுகிறது.

இந்த நிபுணர்கள் புளியங்குளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை போலும். மதுரை வட்டாரத்து ஊர் அது. அங்கே ஓர் ஆலமரத்தில் சுமார் 500 பழந்தின்னி வௌவால்கள் தொங்கியதையும், முனி காவல் இருக்கும் மரம் என்று ஊரே அவற்றைக் காத்ததையும் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜி. மாரிமுத்து 1988-இல் எழுதினார். தலைக்கு மேல் ஐந்நூறு வௌவால்! ஊர் காலியானதாக அவர் எழுதவில்லை.

நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் இருக்கிறது, சரி. ஆனால் 2018-இல் 17 பேரைப் பலிகொண்ட கோழிக்கோட்டில் நடந்தது என்ன? முதல் நோயாளி தவிர மற்ற எல்லோருக்கும் மனிதரிடமிருந்தே தொற்றியது, அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில். அதற்காக ஆஸ்பத்திரியை இடிக்கச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லையே! மலேசியாவில் 1998-இல் நோய் கிளம்பியது பன்றிப் பண்ணைகளில். வௌவாலை இழுத்த மாமரத்தைப் பண்ணையைச் சுற்றி வைத்தது வௌவால் அல்ல. தொங்கும் வௌவாலே நோய் என்றால், புளியங்குளத்தில் ஆலமரத்தடியில் ஓர் ஆள்கூட மிஞ்சியிருக்க முடியாது.

2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழகம் உள்ளிட்ட சில இடங்களின் வௌவால்களில் வேறு வகைக் கொரோனா வைரஸ்களைக் கண்டது. அவை மனிதருக்கு நோய் தரும் என்பதற்கு ஆதாரமில்லை என்றும் சேர்த்தே சொன்னது. முதல் பாதி வாட்ஸப்பில் வந்தது. இரண்டாம் பாதி வரவில்லை.

வௌவாலைப் படித்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். எம்.கே. சந்திரசேகரன் மதுரைக் குகை வௌவால்களை வைத்து உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார். பாளையங்கோட்டையில் ஜே. பாலசிங் குழுவினர் பார்த்தது இன்னும் விசேஷம்: குட்டைமூக்கு ஆண் வௌவால் சுவரில் படர்ந்த கொடிக்குள் புகுந்து, தண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்துத் துண்டித்துத் தனக்கென்று ஒரு கூடாரம் கட்டுகிறது. இலவமரத்துப் பூ இரவில் விரிவதும், தேனுக்கு வரும் வௌவால் முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போவதும் மதுரைப் பல்கலைக்கழகத்தார் பதிவுசெய்தவை. இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்துக்கொண்டே வௌவாலைத் திட்டலாம், தடையில்லை.

சட்டத்தின் லட்சணமும் இதுதான். 1972 வன உயிரினச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று எழுதிவைத்தது. அந்த அட்டவணை 2022 திருத்தத்தில்தான் ஒழிந்தது. மேகமலையில் 1948-இல் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு வௌவால், மும்பை அருங்காட்சியகத்தில் வேறொரு சாதாரண இனத்தின் பெயரில் கிடந்தது. அது புதிய இனம் என்று தாய்லாந்துக்காரர் தொங்லோங்யா வந்து சொல்லி, சாலிம் அலி பெயரை வைத்ததும் அதே 1972-இல்தான்! அந்த மேகமலை இன்று ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்த புலிகள் காப்பகம்.

தீபாவளி வந்தால் வேறொரு கூத்து. விழுப்புரம் மாவட்டத்துக் கழுப்பெரும்பாக்கத்தில் வௌவாலுக்காக வெடி போடுவதில்லை என்று படத்தோடு செய்தி வரும். அந்த ஊருக்கு ஒரு கும்பிடு. ஆனால் வௌவாலின் எதிரி சிவகாசி மட்டும்தான் என்பதுபோல எழுதுவது என்ன நியாயம்? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. நாற்கரச் சாலைக்காகப் புளியமரங்களைச் சாய்த்தவர்களுக்கு எந்தத் தேதியில் தடை வந்தது? காட்டில் பூவும் பழமும் அற்றுப்போனபோதுதான் ஆஸ்திரேலிய வௌவால்கள் ஊரையும் குதிரைப் பண்ணைகளையும் தேடி வந்தன, ஹெண்ட்ரா வைரஸும் குதிரைக்குத் தாவியது என்று 25 ஆண்டுத் தகவல்களை அலசிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நம்மவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். புளியங்குளத்தார் மரத்தை விட்டுவைத்தார்கள். இதில் யார் படிப்பறிவில்லாதவர்?

அவ்வளவு பயமாக இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். பல் பட்ட பழம் கீழே கிடந்தால் எடுக்காதீர்கள். மற்றதைக் கழுவித் தோல் சீவித் தின்னுங்கள். வௌவாலைக் கையால் தொடாதீர்கள், கறிக்காக அடிக்காதீர்கள். கண்மாய்க்கரை மரத்தை வெட்டக் கேட்டு எழுதிய மனு யார் சட்டைப் பையிலாவது இருந்தால், தயவுசெய்து அதைக் கிழித்துப் போடுங்கள்.