கழனிப் பாட்டும் கல்லூரி வலையொலியும்

காவிரி நாடு நெல்லாலும் பெயர்பெற்றது, இசையாலும் பெயர்பெற்றது. தியாகராசர், சாமா சாத்திரியார், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் திருவாரூரிற் பிறந்தவர்கள். அவர்க்கு முன்னரே முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழிற் கீர்த்தனம் பாடிச் சீகாழி மூவர் எனப் போற்றப்பெற்றனர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாகசுரத்தை அறியாத தமிழர் அரியர். இசைக்கருவிகளுக்கும் இந்நாட்டிற் குறைவில்லை. தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டிலும், நரசிங்கன்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. கருவிகளுக்குக் காப்புக் கிடைத்தமை குறித்து மகிழ்கிறோம். ஆனால் அவற்றோடு உடன்பிறந்ததாகிய நம் நாட்டு மக்களின் குரலுக்குக் காப்பு யாது? இவ்வினாவையே இக்கட்டுரையில் நம் கல்லூரியன்பர் முன் வைக்க விழைகின்றோம்.

தமிழ் சிறப்புப்பாடம் பயிலும் யாம் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையை வகுப்பிற் படித்தோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் காவிரிக்கரை வழியே உறையூர் நோக்கி நடக்கின்றனர். வழியில் அவர்கள் கேட்பன யாவை? நாற்று நடும் மகளிர் பாடும் விருந்திற் பாணி, ஏர் பூட்டி நிற்போர் பாடும் ஏர்மங்கலம், களத்திற் கதிரடிப்போர் பாடும் முகவைப்பாட்டு ஆகியவை. அரசிளங்குமரராகிய அடிகள், அரண்மனை இசையை அறிந்த அதே செவியால் கழனியின் இசையையும் கேட்டு, அவற்றிற்குப் பெயரும் இட்டுக் காப்பியத்தில் இடம் தந்தார். அவர்க்கு முன்னரே தொல்காப்பியர் பாட்டினிடையே வழங்கும் பண்ணத்தி என்பதற்கு இலக்கணம் வகுத்தார். இவற்றையெல்லாம் யாம் தேர்வுக்கு நன்கு எழுதினோம். ஆனால் அக்கழனிப் பாட்டில் ஒன்றையேனும் எம் காதாற் கேட்டிருக்கிறோமா என்று ஒருவரை ஒருவர் வினவியபோது, எம்முட் பலர் வாய் திறக்கவில்லை. கல்லூரியிலிருந்து கூப்பிடு தொலைவில் வயல் இருக்கவும், வயலின் பாட்டை நூலில் மட்டும் கற்கும் நிலை நாணத்தக்கதன்றோ?

அந்நாணம் உந்தவே, சென்ற சம்பா நடவின்போது யாம் மூவர் வெண்ணாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றோம். நடவுப்பாட்டில் முன்பாட்டுப் பாடுபவர் என்று ஊரார் காட்டிய மூதாட்டியார் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். அன்று எதிரே இருந்த வயலில் இயந்திரம் நாற்று நட்டுக்கொண்டிருந்தது. பாடுமாறு வேண்டினோம். இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டார். "தனியாப் பாடினா பாட்டு நிக்காது, தம்பி. வாங்கிப் பாட ஆள் வேணும்" என்றார். பின் தெருவிலிருந்து நால்வரை அழைப்பித்தார். அவர் ஓரடி பாட, நால்வரும் அதனை வாங்கிப் பாடினர். கைகள் தாமே முடிச்சை அவிழ்ப்பனபோலவும் நாற்றை ஊன்றுவனபோலவும் அசைந்தன. பாட்டு முடிந்ததும் அவர் எம்மை நோக்கி, "முன்னேயும் ஒருத்தர் வந்து பெட்டியிலே பிடிச்சுக்கிட்டுப் போனாரு. அது எங்கே போச்சோ! நீங்களாச்சும் எம்பேரைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நிற்க. நடவுப்பாட்டு ஏன் மறைகிறது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இப்பாட்டு வேலையோடு பிறந்தது. பலர் ஒரு வரிசையாக நின்று ஒரே காலத்தில் கை அசைப்பதற்கு அதுவே தாளம். இயந்திர நடவும் நேரடி விதைப்பும் பரவப் பரவ, மகளிர் குழுவாகக் கூடும் இடமே சுருங்குகிறது. கூட்டம் இன்றேல் வாங்கிப் பாடுவார் இல்லை. வாங்கிப் பாடுவார் இன்றேல் இளையோர் கற்குமிடமும் இல்லை. இதற்காக இயந்திரத்தைப் பழித்தல் எம் கருத்தன்று. முதுகு வளைந்து, சேற்றில் கால் ஊறி, நாள் முழுதும் நட்ட மகளிரின் துன்பத்தை அறிவோம். பாட்டு வாழ்வதற்காக அவர்கள் மீண்டும் சேற்றில் நிற்கவேண்டும் என்று விரும்புவது கொடுமை. சேறு போகட்டும், பாட்டு மட்டும் அதனோடு போதல் வேண்டா என்பதே எம் வேண்டுகோள்.

நாட்டுப் பாடல்களைத் தொகுத்த பெரியோர் நம்மிடையே உண்டு. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில ஆட்சியாளர் திரட்டிய பாடல்களைக் கி. வா. சகந்நாதனார் ஒழுங்குபடுத்த, அவை 'மலையருவி' என்னும் பெயரால் 1958இல் நம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் வெளியீடாக வந்தன. பேராசிரியர் நா. வானமாமலை தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1964இல் வெளியிட்டார். இப்பெரியோர்க்கு நாம் கடப்பாடுடையோம். எனினும் அச்செழுத்து சொல்லைக் காக்குமேயன்றி மெட்டைக் காவாது. முன்பாட்டுக்காரர் எங்கு மூச்சு வாங்கினார், வாங்கிப் பாடினோர் எச்சொல்லில் சேர்ந்தனர், குலவை எங்கு எழுந்தது என்பவற்றை ஏடு சொல்லாது.

ஒலியைக் காக்கும் கருவிகள் பின்னரே வந்தன. 1902இல் இந்தியாவில் முதன்முதற் கிராமபோன் பதிவுகள் கல்கத்தாவில் நிகழ்ந்தன. 1939இல் திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் தோன்றியபின் இந்நாட்டு வித்துவான்களின் இசை வீடுதோறும் புகுந்தது. ஆயினும் இசைத்தட்டு விலைபோகும் பாட்டையே நாடும். வானொலிக்கோ குறித்த நேரம் உண்டு. அந்நேரத்திற் கேளாதவர்க்கு அது காற்றோடு போயிற்று. வலையொலி என்று இந்நாளில் நாம் வழங்கும் முறை அவ்விரு குறைகளையும் ஓரளவு நீக்குகிறது. ஒருவர் பேச்சையும் பாட்டையும் பதிந்து இணையத்தில் வைத்தால், விரும்பிப் பதிந்துகொண்டோர் அனைவர்க்கும் ஒவ்வொரு புதிய பகுதியும் தானே சென்று சேர்கிறது, வேண்டும்போது கேட்கலாம், நிறுத்தி மீண்டும் கேட்கலாம். 2004ஆம் ஆண்டளவிற் பெயர்பெற்ற இம்முறைக்குப் பெரிய நிலையம் வேண்டுவதில்லை. நல்ல ஒலிவாங்கியும் கைப்பேசியும் அமைதியான ஓர் அறையும் பொறுமையும் போதும்.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்த்தா என்னும் சிறு தீவு நாட்டை நோக்குமின். அங்கு வாழ்வோர் ஐந்து இலட்சத்திற்குச் சிறிது மிகுதி. நம் தஞ்சை மாவட்டத்து மக்கள்தொகையினும் அது மிகக் குறைவு. கித்தார் இசைக்க இருவர் எதிரெதிர் நின்று, ஒருவர்க்கொருவர் விடையாக, அவ்விடத்திலேயே புனைந்து பாடும் 'ஆனா' என்னும் நாட்டுப்பாட்டு அவர்களிடம் உண்டு. நம் எசப்பாட்டுக்கு அது தமக்கைபோலும். 2021இல் யுனெசுக்கோ அதனை மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. தம் ஊர்ப் பாடகரையும் பாட்டையும் வலையொலி வாயிலாக அறிமுகஞ்செய்யும் ஆர்வலரும் அந்நாட்டில் உளர். சிறுமொழி பேசுவோர் தம் குரலை இங்ஙனம் மதிக்கும்போது, பலகோடி மக்கள் பேசும் மொழியையுடைய நாம் வாளாவிருத்தல் தகுமோ? இங்கிலாந்தில் 1903இல் செசில் சார்ப்பு என்பார் ஓர் ஊர்த் தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு ஏட்டிற் சுரம் குறித்தார். அதுவே பெரியதொரு தொகுப்பிற்குத் தொடக்கமாயிற்று. சான் இங்கிலாந்து என்னும் அத்தோட்டக்காரரின் பெயர் இன்றும் நூல்களில் நிற்கிறது. வெண்ணாற்றங்கரை மூதாட்டியார் கேட்டதும் அதுவேயன்றோ?

இனி, இம்முயற்சிக்கு எழக்கூடிய தடைகளை நோக்குவோம். கைப்பேசியிலும் இணையத்திலும் நாட்டுப்பாடல் ஏராளமாய்க் கிடைக்க, மற்றொன்று எற்றுக்கு என்பர் சிலர். கிடைப்பது உண்மையே. ஆனால் அவற்றுட் பல, பாடியவர் யார், எவ்வூரார், யாரிடம் கற்றார் என்பது அறியப்படாமல் வருவன. பல, பின்னே திரையிசைத் தாளம் ஏற்றப்பட்டு உருமாறி வருவன. பெயரற்ற பாட்டு தாயற்ற பிள்ளை. எம் முயற்சி அப்பிள்ளைக்குத் தாயைக் காட்டுவது.

வேலையினின்று பிரித்த பாட்டு, பாடம்பண்ணி வைத்த பறவையை ஒக்கும் என்பர் வேறு சிலர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டென ஒப்புகிறோம். அதனாலேயே பாட்டை மட்டும் பதியாது, பாடுவோரின் பேச்சையும், எந்நிலத்தில் எப்பருவத்திற் பாடினர் என்பதையும், அருஞ்சொற்களின் பொருளையும் உடன் பதிதல் வேண்டும் என்கிறோம். பறவை இறந்தபின் அதன் குரலேனும் இருப்பது, யாதும் இல்லாதிருப்பதினும் நன்று.

மூன்றாவது தடை நம் வீட்டினுள்ளேயே இருப்பது. மாரியம்மனையும் அய்யனாரையும் விளிக்கும் பாட்டுகளை ஒரு கிறித்தவக் கல்லூரி ஒலிபரப்புதல் தகுமா என்று நம்மவர் சிலர் தயங்கலாம். அவர்கட்கு நம் முன்னோரையே சான்றாகக் காட்டுகிறோம். தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) சுவார்ச்சு ஐயரின் மாணாக்கர். சரபோசி மன்னரின் இளமைத் தோழர். அவர் பெத்தலேகம் குறவஞ்சி பாடியபோது அவ்வடிவத்தைப் பிறநாட்டிலிருந்தா கொணர்ந்தார்? இந்நாட்டு மக்கள் ஆடிய குறவஞ்சியையே எடுத்து ஆண்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடினார். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாசன சங்கம் கண்டு, இசைவாணரை ஒன்றுகூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரத்தைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். பிறர் இசையை ஆராய்ந்ததால் அவர்தம் சமயப்பற்றுக் குன்றியதா? அண்மைக் காலத்தில், 'பரட்டை அண்ணன்' எனப்பெற்ற தியோபிலசு அப்பாவு ஐயர் (1940–2005) மதுரை அரசரடி இறையியற் கல்லூரியில் நாட்டார் மெட்டையும் பறையையும் வழிபாட்டிலேயே கொண்டுவந்தார். பாட்டைக் கேட்பது வேறு, அப்பாட்டின் தெய்வத்தை வணங்குவது வேறு என்பதைக் கற்றோர்க்கு யாம் கூறவேண்டுவதில்லை.

அன்றியும், இதில் நாம் திருத்திக்கொள்ளவேண்டிய பிழையும் ஒன்று உண்டு. எம்முள் ஒருவரின் பாட்டியார் இளமையில் நடவுப்பாட்டிற் பெயர்பெற்றவராம். திருமுழுக்குப் பெற்றபின், அப்பாட்டு இனி ஆகாது என்று ஒருவர் தடுக்க, அவரும் கீழ்ப்படிந்தார். ஐம்பது ஆண்டு பாடாதிருந்து மறைந்தார். நாற்றைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் பாடிய அப்பாட்டுகளிற் குற்றம் யாது இருந்ததோ! இப்பொழுது அவர் பேரன் பாட்டுத் தேடி ஊர் ஊராய்ச் செல்கிறான். தன் வீட்டில் இருந்ததை இழந்துவிட்டான். பறையொலியும் இங்ஙனமே சாதியின் பெயரால் இழிக்கப்பட்டது. நாற்று நட்டவரும் பறை முழக்கியவருமே நம் சபைகள் பலவற்றின் மூதாதையர். அவர்தம் கலையை மதியாது அவர்தம் மக்களுக்குக் கல்வி தந்தோம் என்று மட்டும் பெருமை கொள்ளுதல் அரைகுறைப் பெருமையே.

ஆதலின், நம் கல்லூரித் தமிழ்மன்றம் திங்கள்தோறும் ஒரு பகுதியாகக் 'காவிரிக் குரல்' என்னும் வலையொலியைத் தொடங்குக என்று முன்மொழிகிறோம். அதற்குச் சில நெறிகளையும் கூறுகிறோம். ஒன்று, பாடுவோரின் பெயரும் ஊரும் அவர் விரும்பும் வண்ணம் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இறுதியிலும் சொல்லப்படவேண்டும். இரண்டு, அவர்க்குப் புரியும் தமிழில் எடுத்துரைத்து இசைவு பெறவேண்டும். பாடுவோர்க்குத் தம் பாட்டின்மேல் உரிமை உண்டென்பதை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமே ஏற்றுள்ளது. அறிவறியாத் தாளிற் கைந்நாட்டுப் பெறுதல் இசைவாகாது. மூன்று, ஒரு நாட் கூலியை விட்டு வந்து பாடுவோர்க்கு அக்கூலிக்குக் குறையாத தொகை தரவேண்டும். நான்கு, பதிவின் படி ஒன்று அவர்தம் வீட்டிற்கும், சுருக்கப்படாத மூலப்பதிவு நம் நூலகத்திற்கும் செல்லவேண்டும். ஐந்து, நடவுப்பாட்டோடு நில்லாது, தாலாட்டு, ஒப்பாரி, தப்பாட்டம், நாகசுரம், தவில், கிறித்துப் பிறப்புக் காலப் பஜனை ஆகிய யாவும் ஓரவையில் ஒலிக்கவேண்டும். வித்துவானும் முன்பாட்டுக்காரரும் ஒரே வலையொலியிற் பேசும் நாளே இசையில் மேல் கீழ் என்பது ஒழியும் நாள்.

பழைய மாணவர்களாகிய பெரியீர்! நும்முட் பலர் இந்நாட்டு ஊர்களிலேயே ஆசிரியராகவும் ஆயராகவும் பணிபுரிகின்றீர். நும் ஊரில் முன்பாட்டுப் பாடுவோர் யார் என்று எமக்கு ஒரு வரி எழுதுவீராக. ஆசிரியப் பெருமக்களே! கற்ற இலக்கணத்தைச் சோதிக்கும் களமாக எமக்கு வயலைத் தருவீராக. உடன் பயிலும் தோழர்காள்! காதிற் செருகிய கருவியைச் சற்று எடுத்துவிட்டு, அடுத்த விடுமுறையில் நும் பாட்டியார் அருகே சிறிது அமர்வீராக.

யாம் மீண்டும் வெண்ணாற்றங்கரைக்குச் சென்று அம்மூதாட்டியாரைக் காண இருக்கின்றோம். "எம்பேரைச் சொல்லுவீங்களா?" என்ற வினாவிற்கு, "சொல்லுவோம், ஆயா" என்று உரைக்கும் தகுதியை எமக்குத் தரவல்லது நம் கல்லூரியே. அடுத்த சம்பாவும் வரும். மேட்டூர் நீரும் வரும். ஆனால் முன்பாட்டுக்காரர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலின் விரைதல் நன்று.