உரைக்குக் கையும் உண்டு

கூட்டங்களில் நிகழும் உரைகளை இனிக் கணினியே கேட்டு அரைப் பக்கச் சாரமாக்கிவிடும், பக்கங்கள் மிச்சம் என்று ஓர் இதழ் எழுதியிருக்கிறது. பேச்சு என்றால் சொற்கள் மட்டும்தான் என்று நம்புகிறவர்களின் கணக்கு இது. தானியங்கிச் சுருக்கத்தின் முன்னோடியான ஐபிஎம்மின் லூன், 1958இல் எழுதிய கட்டுரையில், அடிக்கடி வரும் சொல்லே முக்கியமான சொல் என்ற இடத்திலிருந்துதான் தொடங்கினார். அச்சிட்ட கட்டுரைக்கு அது ஓரளவு பொருந்தும். நம் மேடையில் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் பிந்தி வந்தவருக்கானது. உயிரான வரி ஒரே முறை, குரல் தாழ்த்திச் சொல்லப்பட்டுவிடும். கம்பத்து மேடையில் ஒருவர் 'அது வரலைன்னா இது ஏது?' என்று கேட்கும்போது ஒரு கை தென்மேற்கே முல்லைப் பெரியாற்றை நோக்கி நீளும். மறுகை எதிரே கிடக்கும் நெல் வயலைக் காட்டும். கையைக் கழித்துவிட்டால் மிஞ்சுபவை இரண்டு சுட்டுப் பெயர்கள். அதே 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பாடிய பிரச்சாரத்துக்குச் சாரம் எடுத்தால், கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கு வாக்களியுங்கள் என்ற ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரிக்காகவா தோட்டத் தொழிலாளிகள் கூடினார்கள்?

கணினி இப்போது கையையும் பார்க்கிறதே என்பார்கள். உண்மைதான். எம்ஐடியில் ஐசன்ஸ்டைன், பார்சிலே, டேவிஸ் மூவரும் பேச்சோடு கையசைவையும் சேர்த்து ஆராய்ந்து, 2007இல் விளக்கவுரைகளைப் படக்கதை வடிவில் சுருக்கிக் காட்டினார்கள். மதிக்கத்தக்க ஆய்வு. அதுவே நம் தரப்புச் சாட்சியும்கூட: பொருளின் ஒரு பகுதியைக் கை சுமக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. சாரம் கேட்பவர்களோ ஒலிப்பதிவோடு நின்றுவிடுகிறார்கள். கூடலூரிலிருந்து சென்னைக்கு வரமுடியாத மாணவருக்குச் சுருக்கம் உதவாதா என்ற கேள்வி நியாயமானது. அவருக்குத் தேவை, எந்த நிமிடத்தில் எது பேசப்படுகிறது என்ற அட்டவணை. அது கிடைத்தால் உரைக்குள் போய்விடுவார். சாரம் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

உரையை முழுதாக எழுதிவைக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பகலில் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. படிக்கு 32 எழுத்து. பெருக்கினால் பதினோரு லட்சத்தைத் தாண்டுகிறது. சீடர் எழுப்பிய ஐயம், முன்னோர் சொன்ன வேறு விளக்கம், இடையில் வந்த கதை எதையும் அவர் கழிக்கவில்லை. எழுத்தில் கையைக் கொண்டுவர முடியாதவர் அவையையே கொண்டுவந்துவிட்டார். அப்படிப்பட்ட செவிகள் இருந்த மொழியில், கேட்க நேரமில்லை என்பதை முன்னேற்றமாக அறிவிக்கிறார்கள். பக்கம் போதவில்லையென்றால் விருது விழாப் படங்களைக் குறைக்கலாம். நம் இதழில் உரைகள், அவையின் குறுக்குக் கேள்விகள் உட்பட, முழுதாகவே வரும்.